கம்பியில்லா இணையம் கிராமத்திற்கு வந்து சேரும் வழி

பயிர் இன்ஷூரன்சுக்கு மனுச் செய்துகொள்ள வேண்டிய கடைசித் தேதியன்று, சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள பொதுச் சேவை மையங்களின் வாயிலில் கூட்டம் காணப்படுவது சகஜம். பட்டா, அடங்கல், ஆதார், பாங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, மக்காச்சோளமோ உளுந்தோ விதைத்த குடியானவர் காத்திருப்பார். உள்ளே இருப்பவர் ஒரு சமயம் "டவர் இல்லை" என்பார். ஒரு சமயம் "நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பார். பின்னும் ஒரு சமயம் "சர்வர் எடுக்கவில்லை" என்பார். காத்திருப்பவர் இம்மூன்றையும் ஒன்றாகவே எண்ணிப் பெருமூச்செறிவார். அன்று மாலைக்குள் மனு ஏறாவிடில், அந்தப் பருவத்தில் மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் நஷ்டஈடு கேட்க அவருக்கு இடமில்லை.

மேற்சொன்ன மூன்று விடைகளும் ஒன்றல்ல. மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்துக் கோளாறுகளைக் குறிப்பன. ஒன்றுக்கு மாடிப்படி ஏறினால் பரிகாரம் உண்டு. மற்றொன்றுக்கு விடியற்காலம் வரை பொறுத்தால் போதும். மூன்றாவதற்கு இங்கிருந்து செய்யக்கூடியது யாதொன்றும் இல்லை. எது எந்த இடத்துக் கோளாறு என்று பிரித்தறிவதற்கு, கம்பியில்லா இணையம் என்பது எவ்வாறு இயங்குகிறது என்று சிறிது தெரிந்திருத்தல் அவசியம். அது கடினமான விஷயமன்று. குளத்து நீர் வயலுக்கு வரும் வழியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கம்பி எங்கே முடிகிறது?

கம்பியில்லா இணையம் என்ற பெயரே சற்று மயக்கம் தருவது. அது முழுவதும் ஆகாயத்தில் வருவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது வரும் தூரத்தில் பெரும்பங்கு கம்பியின் வழியாகவே வருகின்றது. கம்பி என்றாலும் அது செம்போ இரும்போ அன்று. தலைமயிர் போன்று மெல்லிய கண்ணாடி இழை. அதனுள்ளே ஒளி விட்டுவிட்டு மின்னிச் செல்லும். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஆகவே சென்னையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரத்தை ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரத்தில் அது கடந்துவிடும். இவ்விழைகள் ஊருக்கு ஊர், சாலையோரங்களில் புதைக்கப்பட்டோ, கம்பங்களில் கட்டப்பட்டோ செல்கின்றன. கிராம ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் தேசியத் திட்டம் 2011-இல் அங்கீகரிக்கப்பட்டு, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பொருட்டுத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் அமைக்கப்பட்டது. இங்கு இழையின் பெரும்பகுதி மின்சாரக் கம்பங்களின் மேலேயே கட்டப்படுகிறது. வீதியில் செல்லும் கரும்பு லாரியோ வைக்கோல் வண்டியோ உயரமாகப் பாரம் ஏற்றி வந்து அதனை அறுத்துவிட்டால், ஊர் முழுவதற்கும் இணையம் நின்றுபோகும். பாரம் ஏற்றுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இந்த இழை டவரின் அடியிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ, வீட்டுச் சுவரிலோ வந்து முடிகிறது. சில டவர்களுக்கு இழை கிடையாது; வேறொரு டவரிலிருந்து வட்டத் தட்டுப் போன்ற ஏரியல் வழியாக அலையாகவே செய்தி வந்து சேரும். எப்படியாயினும், கம்பியற்றது என்று நாம் சொல்வது டவரிலிருந்து செல்போன் வரையில், அல்லது வைஃபைப் பெட்டியிலிருந்து செல்போன் வரையில் உள்ள கடைசித் துண்டே. அணையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால் என்று வந்த நீர், கடைசியில் வரப்பை வெட்டி வயலுக்குள் பாய்வது போன்றது அது. வரப்பு சரியாக வெட்டியிருந்தும் வயலுக்கு நீர் வராதிருக்கலாம். குளத்தில் நீர் இராது. செல்போனில் டவர்க் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் வராதிருப்பதும் இவ்விதமே. அக்கோடுகள் கடைசித் துண்டின் நலத்தை மாத்திரம் காட்டுவன. அதற்கு அப்பால் இழை அறுந்திருப்பதை அவை காட்டமாட்டா.

அலையின் இயல்பு

தெப்பத்தில் கல்லெறிந்தால் நீரில் வட்டவட்டமாக அலை எழுந்து பரவுவதை யாவரும் கண்டிருப்பர். மின்சாரத்தை ஒரு ஏரியலில் மிக வேகமாக முன்னும் பின்னும் அசைத்தால், அதேபோன்று கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை எழுகின்றது. இது காற்றின் அலையன்று. காற்றே இல்லாத வெளியிலும் செல்லும். வேகம் ஒளியின் வேகமாகிய வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1887, 1888 ஆண்டுகளில் இதனைச் சோதனையால் மெய்ப்பித்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், மிகவும் குறுகிய அலைகளை உண்டாக்கிச் சோதனைகள் செய்தார். பின்னாளில் பயிர்களின் வளர்ச்சியையும் உணர்ச்சியையும் நுட்பக் கருவிகளால் அளந்தவரும் இவரே ஆதலின், விவசாயிகள் அவர் பெயரை இருவகையிலும் நினைவிற் கொள்ளலாம்.

அலைகளில் நீண்டதும் உண்டு, குறுகியதும் உண்டு. 1938-இல் சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கியது முதல் கிராமத்து ரேடியோப் பெட்டிகள் பிடித்த மீடியம் வேவ் அலை ஒவ்வொன்றும் சுமார் 200 முதல் 550 மீட்டர் வரை நீளமுள்ளது. அவ்வளவு நீண்ட அலை மேடு பள்ளங்களைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் செல்லும். செல்போன் அலைகளோ மிகக் குறுகியன. 700 மெகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்படும் அலை ஏறக்குறைய ஒரு முழம். 900 மெகாஹெர்ட்ஸ் ஒன்றரைச் சாண். 1800 மெகாஹெர்ட்ஸ் முக்கால் சாண். சாதாரண வைஃபை அரைச் சாணுக்குச் சற்று மேல். வேகமான வைஃபை மூன்று விரற்கடை. அலை குறுகக் குறுக அதில் ஏற்றக்கூடிய செய்தி பெருகும். ஆனால் தடையைச் சுற்றி வளைந்து போகும் சக்தி குறையும். வீட்டுக்குள் ஒரு செல்போனுக்கு டவர் கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காமல் இருப்பதற்கு, இரண்டும் வெவ்வேறு நீள அலைகளைப் பிடிப்பது ஒரு காரணம்.

சங்கரநாராயண சுவாமி கோவிலின் ஒன்பது நிலை ராஜகோபுரம் கரிசற்காட்டில் வெகுதூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் ஒரு பனந்தோப்பின் பின்னால் சென்றால் மறைந்துவிடும். டவரும் அப்படியே. கண்ணுக்கு நேராக டவர் தெரியுமாயின் அலை நன்கு வரும். இடையில் தென்னந்தோப்பு, பாறை, காங்கிரீட் மாடி ஆகியன வரவர அலை மெலியும். இலைகளில் உள்ள நீர் அலையை உறிஞ்சும் இயல்புடையது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் மழையில் நனைந்து தழைத்து நிற்கும் தோப்பு, கோடையில் இலையுதிர்ந்து நிற்பதைவிட அதிகம் தடுக்கும். தகரக் கூரை எல்லாவற்றிலும் மோசம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தகரக் கொட்டகைக்குள் அமர்ந்துகொண்டு செல்போனைக் குறைகூறுவதில் பயனில்லை. வெளியே பத்தடி வந்தால் போதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. டவரின் குரல் பெரியது. பல பத்து வாட் சக்தியுடன் பேசும். செல்போனின் குரலோ சுமார் 0.2 வாட் மட்டுமே. இரவில் எரியும் சிறு விளக்கின் சக்தியிலும் மிகக் குறைவு. எனவே ஊர் எல்லையில் நிற்பவருக்கு டவர் சொல்வது கேட்கும். அவர் சொல்வது டவருக்குக் கேளாது. விலை நிலவரம் திரையில் வருகிறது, ஆனால் நோய்கண்ட இலையின் படத்தை அனுப்ப முடியவில்லை என்று சிலர் வியப்பதற்கு இதுவே காரணம்.

எழுத்து அலையாவது எங்ஙனம்?

வெள்ளைச் சோளமணியும் கறுப்பு உளுந்துமணியும் மாத்திரமே கொண்டு ஒரு கடிதம் எழுதவேண்டுமெனக் கொள்வோம். இத்தனையாவது இடத்தில் சோளம், இத்தனையாவது இடத்தில் உளுந்து என்று முன்னரே இருவர் பேசி வைத்துக்கொண்டால், எந்த எழுத்தையும் மணிவரிசையாக அடுக்கிவிடலாம். இயந்திரங்கள் செய்வது இதுவே. ஓர் ஆங்கில எழுத்துக்கு 8 மணி. தமிழில் 'அ' என்பதற்கு இணையத்தில் வழங்கும் முறைப்படி 24 மணி. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து அடங்க, தமிழ் 70 குறியே அடங்குவதும் இவ்விதமான கணக்கினாலேயே. டவர் தன் அலையைச் சற்று உயர்த்தியும் தாழ்த்தியும், முன்னோ பின்னோ நகர்த்தியும் சோளம், உளுந்து என்று உணர்த்துகிறது. செல்போன் அவற்றை எண்ணி மறுபடி எழுத்தாக்கிக் கொள்கிறது.

மிளகாய் இலைச் சுருட்டைக்கு எடுத்த ஒரு படம் 3 மெகாபைட் என்றால் அது 2 கோடியே 40 லட்சம் மணி. இவ்வளவையும் ஒரே அம்பாரமாக எவரும் அனுப்புவதில்லை. சுமார் 12,000 மணிகொண்ட மூட்டைகளாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புவோர், பெறுவோர் விலாசமும் மூட்டை எண்ணும் எழுதி அனுப்புவார்கள். மேற்படி படம் சுமார் 2,000 மூட்டையாகும். அவை வெவ்வேறு வழியாகவும் முன்பின்னாகவும் போய்ச் சேரலாம். சேர்ந்த இடத்தில் எண்ணின்படி அடுக்கப்படும். வழியில் ஒரு மூட்டை தவறினால் அதை மாத்திரம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். அலை மெலிந்த இடத்தில் மூட்டைகள் அடிக்கடி தவறும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். "நெட் சுற்றுகிறது" என்பதன் உட்பொருள் பெரும்பாலும் இதுவாம்.

முறைநீர்

ஒரு டவருக்கு உள்ள அலையளவு வரையறுக்கப்பட்டது. அதனைச் சுற்றியுள்ள எல்லாச் செல்போன்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குளத்துப் பாசனத்தில் நீர்பாய்ச்சி முறைவைத்து நீர் விடுவதுபோல், டவரும் முறைவைக்கின்றது. 4ஜி முறையில் ஒவ்வோர் ஆயிரத்தொரு பங்கு வினாடிக்கும் இன்னாருக்கு இவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்கும். பங்காளிகள் குறைவானால் ஒவ்வொருவருக்கும் நிறையக் கிடைக்கும். ஆடித்தபசு அன்று கோவிலின் முன் கூடும் ஜனத்திரளில் செல்போனில் டவர்க் கோடு நிறைந்திருந்தும் ஒரு படம்கூடப் போகாமல் நிற்பதன் காரணம் இதுவே. அன்றாட வாழ்விலும் இரவு 7 மணி முதல் 10 மணி வரை சினிமாவும் கிரிக்கெட்டும் பார்ப்போர் பெருகி, பங்கு சுருங்கும். விடியற்காலம் 5 மணிக்குக் குளம் நிறைந்திருக்கும். மல்லிகை, பிச்சி பறிப்போர் அந்நேரத்தில் எழுந்தே இருப்பர்; பூ மார்க்கெட் விலையைக் கேட்டறியவும், மனுக்களை அனுப்பவும் அதுவே உத்தமமான வேளை.

குரல் அழைப்பும், ஓ.டி.பி. வரும் குறுஞ்செய்தியும் இந்தப் பங்கீட்டில் இணையத்தைப்போல் நசுங்குவதில்லை. ஆதலால் இணையம் நின்ற இடத்திலும் ஓ.டி.பி. வந்துவிடக்கூடும். அந்த எண்ணைப் போனில் கேட்பவர் யாராயினும் சொல்லலாகாது. பாங்கியிலிருந்து பேசுவதாகக் கூறினும் கூடாது. ஏமாந்தோர் காலதாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

வைஃபைப் பெட்டியும் தேனி அனுபவமும்

வீட்டுக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ இழை வந்திருந்தால், அங்கு வைக்கும் வைஃபைப் பெட்டி ஒரு சிறிய டவரேயாகும். பலர் அதனை இரும்பு பீரோவின் பின்னாலும், கண்ணாடிக்கு அருகிலும், தரையோடு தரையாகவும் வைத்திருப்பதைக் காணலாம். மூலையில் வைத்த விளக்கு வீடு முழுவதும் ஒளி தராததுபோல் அதுவும் தராது. நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு மேல் வைப்பதே தகும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் எழுத்தருகே சிவப்பு விளக்கு மின்னினால், வெளியிலிருந்து வரும் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். செல்போனை எத்தனை தடவை அணைத்து ஏற்றினாலும் பலனில்லை. இணைப்புக் கொடுத்தவருக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

வைஃபை வீட்டளவில்தான் செல்லும் என்பது பொது அபிப்பிராயம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையினரும் 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைப் பல கிலோமீட்டர் செல்லும்படி செய்தனர். இரண்டு காரியம் செய்யப்பட்டது. வரப்பில் நின்று அடுத்த காட்டில் இருப்பவரைக் கூப்பிடுகையில் இரு கைகளையும் குவித்துக் கூவுவது போன்று, அலையை ஒரே திசையில் குவிக்கும் ஏரியல்களை உயரமான கம்பங்களில் ஒன்றையொன்று நேராகப் பார்க்குமாறு வைத்தனர். மற்றொன்று நுட்பமானது. சாதாரண வைஃபைப் பெட்டி ஒரு மூட்டையை அனுப்பியதும் "வந்தது" என்னும் பதிலுக்குக் கண நேரமே காத்திருக்கும். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு ஒரு வினாடியில் 15,000-இல் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பெட்டி பொறுமையிழந்து, மூட்டை தொலைந்ததென்று மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அந்தக் காத்திருக்கும் முறையையே மாற்றி எழுதினார்கள். அதன் பயனாகச் சிற்றூர்க் கண் பரிசோதனை நிலையத்தில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலிருந்த டாக்டர் திரையில் கண்டு பேச முடிந்தது.

அதற்கும் முன்பே, 2001-இல் மதுரை ஜில்லா மேலூர்ப் பகுதிக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையால் இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. நேர்பார்வையில் 10 கிலோமீட்டர் வரை செல்லும். வேகம் வினாடிக்கு 35,000 அல்லது 70,000 மணி. இன்றைய 3 மெகாபைட் படம் ஒன்றைக் குறைந்த வேகத்தில் அனுப்பப் பதினொரு நிமிஷம் ஆகியிருக்கும். ஆயினும் பயிர்நோய் யோசனையும் கண் மருத்துவ யோசனையும் அவ்வழியே கிடைத்தன. சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. அலை சென்றது, வரவு செலவு கட்டவில்லை, பழுதுபார்ப்போர் அருகில் இல்லை. ஊராட்சிக்கு வரும் இழையையும் பெட்டியையும் பராமரிக்கப் பழகிய ஆள் ஒருவராவது ஊரில் இருக்கவேண்டும் என்பதை ஊராட்சித் தலைவர்கள் இதிலிருந்து கவனிப்பார்களாக. அவர் பொறியியல் படித்தவராக இருக்கவேண்டுமென்பதில்லை.

கோளாறு எந்தத் துண்டில்?

இனி, சேவை மையத்தின் வாயிலில் நிற்கும் குடியானவரிடம் திரும்புவோம். "டவர் இல்லை" என்றால் கோளாறு கடைசித் துண்டில். வெளியே வந்தோ மாடியேறியோ பார்க்கலாம். வேறு கம்பெனிச் செல்போனின் ஹாட்ஸ்பாட்டை வாங்கிப் பயன்படுத்தலாம். டவர்க் கோடு நிறைந்திருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையானால், கூட்ட நெரிசலோ, இழை அறுந்ததோ, டவரில் மின்சாரமின்றி பாட்டரி தீர்ந்ததோ காரணமாகும். அக்கம்பக்கத்தார் செல்போன்களிலும் அப்படியே எனில் அங்கு நின்று பயனில்லை. இழை இணைப்புள்ள வேறு மையத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ செல்வதே மேல். மற்றப் பக்கங்களெல்லாம் திறந்து இன்ஷூரன்ஸ் பக்கம் ஒன்று மட்டும் திறவாவிடில், அதுவே "சர்வர்" கோளாறு. கடைசித் தேதியில் நாடெங்கிலுமுள்ள மனுதாரர் ஒரே வாயிலில் மொய்ப்பதால் நேர்வது. அதற்கு டவரும் காரணமன்று, மையத்தாரும் காரணமன்று.

இந்த மூன்றாவது கோளாறைக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஓரளவு குறைக்கக்கூடும். 1980 வரை கர்ணத்தின் பெட்டியில் இருந்த அடங்கல், இன்று செல்போனிலேயே பதிவாகும் நிலைக்கு வந்துள்ளது. விதைப்பு முடிந்ததும் பார்வையிட்டு அடங்கலைத் தாமதமின்றி வழங்கினால், மனுக்கள் கடைசி நாளில் குவியமாட்டா. புலத்தில் நின்று பதிவு செய்கையில் ஒன்று கவனிக்கத்தக்கது. நிற்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். இணையத்தைச் சேர்ந்ததன்று. பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் அலையைச் செல்போன் கேட்டுக் கணிப்பது அது. டவரே இல்லாத காட்டிலும் அது வேலை செய்யும். ஆனால் மரநிழலிலும் கூரையின் கீழும் பிழை காட்டும். வெட்டவெளியில் சிறிது நேரம் நின்றபின் பார்ப்பதே சரி.

மனு அனுப்பிய பிறகு திரை உறைந்து நின்றுவிட்டால், பதறி மறுபடி பணம் கட்டலாகாது. கடைசி மூட்டைகள் போய்ச் சேர்ந்து, "வந்தது" என்னும் பதில் மாத்திரம் வழியில் நின்றிருக்கலாம். முதலில் பாங்கிக் கணக்கில் பணம் குறைந்துள்ளதா என்று பார்த்து, பின்னர் மனுவின் நிலையை விசாரிக்கவேண்டும். விண்ணப்ப எண் திரையில் தோன்றும்வரை மையத்தை விட்டுப் புறப்படலாகாது. தோன்றிய எண்ணை ரசீதில் சரிபார்த்து, அடங்கல் நகலின் பின்புறத்திலும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.